அத்தையின் பெட்டிக்கு அரக்குச் சிவப்பு

ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பார்கள். வாசல் கேட்டுக்கு அடிப்பார்கள். பொங்கல் வந்தால் மாட்டுக் கொம்புக்குக் கூட அடிப்பார்கள். கம்ப்யூட்டருக்கு அடிப்பார்களோ? போன மாதம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்க மாட்டேன். ஏனென்றால், அடித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

மார்கழிக் கடைசியில் தஞ்சாவூரில், மேல வீதிப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு வழக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. வீட்டில் நாமெல்லாம் 'சி.பி.யு.' என்று சொல்கிறோமே, அதுதான். உண்மையில் சி.பி.யு. என்பது உள்ளே தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சில்லு. பெயரை மட்டும் பெட்டி தட்டிக்கொண்டு போய்விட்டது!

பெட்டியின் முகம் பழைய பஞ்சாங்கத் தாள் மாதிரி மஞ்சளாகப் பழுத்திருந்தது. அடியில், தினமும் தரை துடைக்கும் ஈரம் பட்டுப் பட்டு, நாலு விரல் அகலத்துக்குத் துரு.

"போகி வருகிறது. இந்தத் தடவை இதைக் கட்டாயம் கழித்துவிட வேண்டும்" என்றார் அத்தான். "கூடத்துக்கே அவலட்சணமாக இருக்கிறது" என்று அண்ணியும் சாட்சி சொன்னார்.

அத்தை ஒரே ஒரு குறுக்கு விசாரணைதான் செய்தாள். "வேலை செய்கிறதா, இல்லையா?"

"செய்கிறது."

"அப்புறம் என்ன? முகம் பழுத்துப் போனதற்காகத் தள்ளுவதென்றால், முதலில் என்னையல்லவா தள்ள வேண்டும்?"

வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

அத்தையின் கட்சியில் நியாயம் உண்டு. அந்தப் பெட்டி மாமா 2003-ல் வாங்கியது. உள்ளே இருந்த சாமான்களை எல்லாம் பேரன் ஒரு தடவை புதிதாக மாற்றிவிட்டான். பெட்டி மட்டும் பழையது. அது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். 1995-ல் இன்டெல் கம்பெனி 'ஏ.டி.எக்ஸ்.' என்று ஓர் அளவுத் திட்டம் வெளியிட்டது. எந்த இடத்தில் எந்தத் துளை இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் நிர்ணயமாகியிருக்கிறது. ஆகையால் அந்த அளவில் செய்த பழைய பெட்டிக்குள் புதிய பலகையைப் பொருத்த முடிகிறது. பாட்டி காலத்துப் பித்தளை அடுக்கில் இந்த வருஷத்து அரிசியைக் கொட்டி வைப்பது போலத்தான்.

போகிக்கும் இதற்கும் சம்பந்தமே கூடாது என்பது இன்னொரு விஷயம். முன்பக்கத்துப் பிளாஸ்டிக்குக்கு ஏ.பி.எஸ். என்று பெயர். சுலபத்தில் தீப்பிடிக்காமல் இருக்க, பழைய பெட்டிகள் பலவற்றில் புரோமின் சேர்ந்த மருந்து ஒன்றை அதில் கலந்தார்கள். வெளிச்சமும் சூடும் பட்டு அது மஞ்சளாவதற்கு அந்த மருந்தையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதையே நெருப்பில் போட்டால் விஷப் புகைதான் வரும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து, விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். நிஜமாகவே பழுதான கம்ப்யூட்டராக இருந்தாலும், மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டுமே தவிர, கொளுத்தக் கூடாது.

சரி, வர்ணம் அடிப்பது என்று தீர்மானமாயிற்று. என்ன வர்ணம்? ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றாலே மோர்க்குழம்பு நிறம்தான். 1998-ல் ஆப்பிள் கம்பெனி நீலப்பச்சை நிறத்தில் 'ஐமாக்' கொண்டு வந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மறு வருஷம் ஜனவரியில் ஐந்து நிறங்கள். ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, புளூபெரி என்று ஐந்துக்கும் பழப் பெயர்கள். இதை நான் மேதாவித்தனமாக எடுத்துச் சொன்னேன்.

"ஐந்து பழமா? பஞ்சாமிர்தம் என்று சொல்லு!" என்றாள் அத்தை. "எனக்கு அரக்குச் சிவப்பு போதும்."

அத்தைக்குத் தஞ்சாவூர்ப் படம் எழுதத் தெரியும். வகுப்புக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டவள். பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, அதற்கப்புறம்தான் நகாசு, கல், தங்க ரேக்கு, வர்ணம் எல்லாம். "வாசல் தெளித்துப் பெருக்காமல் கோலம் போட்டால் நிற்குமா? பெட்டிக்கும் அதே சாஸ்திரம்தான்" என்று முன்னதாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அது எவ்வளவு உண்மை என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் கம்ப்யூட்டரை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினோம். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டோம். பக்கத் தகடுகள் இரண்டையும் கழற்றினோம். முன்முகம் உள்ளே கொக்கிகளில் மாட்டியிருக்கும்; முரட்டுத்தனமாக இழுத்தால் கொக்கி ஒடியும், பொத்தான் ஒயரும் அறும். திருகாணிகள் உருண்டு ஓடாமல் அத்தையின் பழைய அஞ்சறைப் பெட்டியில் வகைக்கு ஓர் அறையாக அடக்கமாயின. மின்சாரம் வாங்கித் தரும் பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும்படி மின்சாரம் தங்கியிருக்கக் கூடும்.

அடுத்தது குளியல். சமையலறைப் பக்கமிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்த வர்ணமும் ஒட்டாது. "புளி போட்டுத் தேய்க்கலாமா?" என்று நான் கேட்டேன். பித்தளைக்குச் சரி, இரும்புத் தகட்டில் புளிப்பு தங்கினால் துரு விருந்துக்கு வந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரே போதும். ஒரு தகட்டை மட்டும் என்னிடம் கொடுக்காமல் அத்தை தானே எடுத்துக்கொண்டு ஈரத்துணியால் நிதானமாகத் துடைத்தாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

காய்ந்த பிறகு உப்புத்தாள். நம்பர் ஏற ஏறத் தாள் மிருதுவாகும். 120 என்பது ரவை, 220 சன்ன ரவை, 400 மைதா என்று வைத்துக்கொள்ளுங்கள். துரு இருக்கும் இடத்துக்கு 120. மற்ற இடங்களில் 220-ம் 400-ம். பழைய வர்ணத்தை முழுவதும் உரிக்க வேண்டாம். பளபளப்புப் போனால் போதும். துரு போன இடத்தில் மட்டும் ரெட் ஆக்சைடு பிரைமர். பிளாஸ்டிக் முகத்துக்கு அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமர். தின்னரை ஏ.பி.எஸ். மேல் கொட்டித் துடைத்தால் முகம் இளகிவிடும், ஜாக்கிரதை!

தகட்டின் உட்பக்கம் வெள்ளி போல் மின்னுகிறதே, அது துத்தநாகப் பூச்சு. அங்கே அடிக்க வேண்டாம். சாதாரண எனாமல் அதன் மேல் நாளடைவில் உரிந்து வரும். அது மட்டுமல்ல, தகடும் சட்டமும் உலோகத்தோடு உலோகமாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பெட்டி முழுவதற்கும் எர்த் கிடைக்கும். காற்றுப் போகும் துளைகளையும் வர்ணம் அடைக்கக் கூடாது.

இதற்கே ஒரு பகல் போய்விட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அத்தை சாயங்காலம் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, மொட்டை மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்பிரே டப்பாவும் கையுமாக முன்முகத்துக்கு நானே அடிக்க ஆரம்பித்தேன். கிட்டத்தில் வைத்து, ஒரே பூச்சில், தாராளமாக!

பத்து நிமிஷத்தில் வர்ணம் கண்ணீர் வடித்தது. அதுவாவது போகட்டும். தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரியும், நெல் வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கைத் தேடி எப்படிப் படையெடுக்கும் என்று. வந்தன. ஒட்டிக்கொண்டன. மீதிக் குறையை மார்கழிப் பனி முடித்து வைத்தது. காலையில் பார்த்தால் அரக்குச் சிவப்பில் பச்சைப் பொடி தூவி, மேலே வெள்ளை பூத்துக் கிடந்தது.

அத்தை பார்த்தாள். திட்டவில்லை. "உப்புத்தாளை எடு" என்றாள். ஓர் இரவு வேலை. அதைத் தேய்த்து எடுக்க ஒன்றரைப் பகல்.

இரண்டாம் தடவை அத்தை சொன்னபடி செய்தேன். பனி விலகி வெயில் ஏறிய பிறகு, காற்று வாங்கும் நிழலில். மூக்குக்கு மாஸ்க், குழந்தைகள் வேறு பக்கம். டப்பாவை ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் பிடித்து, தகட்டுக்கு வெளியிலிருந்து ஆரம்பித்து வெளியில் முடிக்க வேண்டும். ரவா தோசை மாதிரி முதல் பூச்சில் அங்கங்கே அடித்தளம் தெரிந்தால் பாதகமில்லை. கால் மணி விட்டு அடுத்த பூச்சு. இப்படி நாலு. பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது. இத்தகைய டப்பாக்கள் பலவற்றில் வர்ணத்தைத் தள்ளுவது நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே ஜாதி வாயுதான்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அத்தை தானே துடைத்தாளே, அந்தத் தகட்டை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது. மேல் மூலையில் ஒரு கறை தெரிந்தது. காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். உப்புத்தாளை அங்கே கொண்டு போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தொடாதேடா. சரஸ்வதி பூஜைக்கு மாமா வைத்தது."

மாமா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் வந்த பூஜைகளுக்கெல்லாம் அத்தை மானிட்டருக்குத்தான் பொட்டு வைத்தாளாம். பெட்டியின் மேல் கை வைக்கவில்லையாம். இது அத்தானுக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். பிறகு அண்ணி உள்ளே போய் ஒரு கத்தரிக்கோல் கொண்டு வந்து கொடுத்தார்.

டேப்பை நேரே ஒட்டினால் பிரிக்கும்போது பொட்டும் சேர்ந்து வந்துவிடும். அத்தை ஒரு ரூபாய் அளவுக்குக் காகிதத்தை வட்டமாக வெட்டிப் பொட்டின் மேல் வைத்து, ஓரத்தில் மட்டும் மாஸ்கிங் டேப்பை ஒட்டினாள். கடைசிப் பூச்சு முழுவதும் இறுகுவதற்கு முன்பே மெதுவாக எடுத்தாள். ஓரம் பிசிறில்லாமல் வந்தது.

தொட்டால் ஒட்டாத அளவுக்கு அரை மணியில் காய்ந்துவிட்டது. ஆனால் நகம் பட்டால் கீறாத அளவுக்கு இறுக நாட்கள் ஆகும். இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்து பிறகு பூட்டினோம். போகியன்று அந்த வீட்டில் கிழிந்த பாய் ஒன்றுதான் கழிந்தது. பெட்டி இப்போது தரையில் இல்லை. ஒரு மணைப் பலகை மேல் உட்கார்ந்திருக்கிறது. அரக்குச் சிவப்பு ஜொலிக்கிறது. அதன் நடுவே ரூபாய் அகலத்துக்குப் பழைய வெளுப்பு, அதற்குள் மாமாவின் பொட்டு. துடைக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டுத் துடைப்பது இப்போது அண்ணிதான்.

ஊர் திரும்பினேன். கதவைத் திறந்த என் மனைவி முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தாள்.

"யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனீர்கள், மருதாணி எல்லாம் இட்டு அனுப்பியிருக்கிறார்கள்?"