34 நாலால வகுபடுமா பாஸ்?



ஆண்டு மலர், சிம்போசியம் சாவனீர்னு உங்க டிபார்ட்மென்ட்ல பேச்சு கிளம்பியிருக்கா? 'எனக்கு இன்டிசைன் தெரியும்'னு கையைத் தூக்கப்போற புண்ணியவானுக்குத்தான் இந்த வாரம். போன வருஷம் தூக்கினது அடியேன்!

மூணு ராத்திரி கண் முழிச்சு, 34 பக்கம் முடிச்சு, பென் டிரைவோட பிரஸ்ஸுக்குப் போனேன். விழாவுக்கு ரெண்டே நாள். "தம்பி, 34 நாலால வகுபடுமா?"ன்னார் பிரஸ் அண்ணன். இன்ஜினீயர் மூளை அங்கேயே ஹேங்!

ஒரு தாளை நடுவுல மடிங்க. நாலு பக்கம் வருதா? நடுவுல பின் அடிக்கிற புத்தகம் எல்லாமே இப்படி மடிச்ச தாள்களோட அடுக்குதான். அதனால பக்கங்கள் 4-ன் மடங்கா இருந்தே ஆகணும். ஆஃப்செட்ல பெரிய தாள்ல பல பக்கங்களைச் சேர்த்து அடிப்பாங்க. 8, 16-ன் மடங்குன்னா பர்ஸுக்கு இன்னும் நல்லது.

36 பக்கம்னா கூடுதல் பிளேட், கூடுதல் காசு. எங்க வசூல் 32-க்குத்தான் தாங்கும். ஃபர்ஸ்ட் இயர் பசங்களோட கவிதைப் பக்கம் ரெண்டையும் தூக்கினோம். அதுல ஒரு பொண்ணு ஊருக்கே போன் போட்டு, 'என் கவிதை வருது'ன்னு சொல்லியிருக்கா. மலரைக் கடைசி வரைக்கும் புரட்டிட்டு, "பரவாயில்லைண்ணா"ன்னு போயிட்டா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை!

அப்புறம்தான் உறைச்சுது. ஸ்டைலுக்காக 8.5 இன்ச் சதுரமா பக்கம் வெச்சிருந்தேன். டெமி தாள் 18-க்கு 23 இன்ச். அதுல நாலு சதுரம் வெட்டினா, ஆறு இன்ச் பட்டை குப்பைக்கு! 8.5-க்கு 11-னு வெச்சிருந்தாலும் அதே தாள்ல அதே நாலுதான். பக்கத்துக்கு 2.5 இன்ச் உயரம் ஓசி. அந்தக் கவிதைகள் தாராளமா உள்ளே வந்திருக்கும்.

ஸோ, ஃபைலைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பிரஸ்ஸுக்கு ஒரு நடை போய், தாள் சைஸையும் பக்கக் கணக்கையும் கேட்டுக்குங்க. ஓரம் வரைக்கும் வர்ற படத்தை 3 மி.மீ. வெளியே இழுத்து விடுங்க. இல்லேன்னா வெட்டும்போது வெள்ளைக்கோடு பல்லிளிக்கும். படம் அச்சாகுற அளவுல 300 டிபிஐ இருக்கட்டும். பிடிஎஃப்ல தமிழ் ஃபான்ட்டை மறக்காம எம்பெட் பண்ணுங்க. இல்லேன்னா கவிதை கட்டம் கட்டமா வரும்!

இந்த வருஷ மலர் 32 பக்கம், 8.5-க்கு 11. மூணாம் பக்கத்துல யாரோட கவிதைன்னு சொல்லணுமா என்ன?

வர்ட்டா!