தாத்தாவின் அறுபதாம் கல்யாணமும் ஒரு பிஎஸ்பியும்

"பிஎஸ்3-ல வீடியோ ஓட மாட்டேங்குதுடா, என்ன செட்டிங் வைக்கணும்?" வகுப்பில் இதுவரை மூன்று பேர் கேட்டாச்சு. எல்லாம் கைமாறி வந்த பழைய பெட்டிகள். பதிலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று.

2006-ல் தாத்தாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். காரைக்காலில் இருந்து பக்கம்தானே, வேன் வைத்துக்கொண்டு தெருவே போனதாம். அந்த வருடம்தான் பாரீஸ் சித்தப்பா பெரியப்பா பையனுக்கு ஒரு பிஎஸ்பி கொண்டுவந்தார். (எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு ஒரு பாரீஸ் சித்தப்பா உண்டு.) அண்ணன் கல்யாண டிவிடியை அதற்காக 320×240-க்குச் சுருக்கி, 512 எம்பி மெமரி ஸ்டிக்கில் அடைத்தான். அன்றைக்கு அது சரியான செட்டிங்தான். திரை 480×272 என்றாலும், ஸ்டிக்கில் போடும் வீடியோவை முழுத் திரை அளவில் ஏற்றுக்கொள்ளும் வசதி 2007-ல் வந்த அப்டேட்டில்தான் கிடைத்தது.

தப்பு அதற்கப்புறம் நடந்தது. கணினியில் இடம் இல்லை என்று டிவிடியின் நகலை அழித்துவிட்டான். உப்புக்காற்றில் பீரோவில் கிடந்த டிவிடி சில வருடத்தில் பூசணம் பிடித்துச் செத்துப்போனது. வீடியோக்காரரோ அந்த டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டார். மிஞ்சியது பிஎஸ்பி கேட்ட பெயரில் ஒரே ஒரு ஃபைல்: எம்4வி00001.

டிவிடியில் ஒரு படத்துக்கு 4,14,720 புள்ளிகள். இதில் 76,800. இப்போது 43 அங்குல டிவியில் போட்டால் தாத்தா முகம் நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது. பாட்டி மடியில் அழுவது நான்தானாம். நம்பித்தான் ஆகணும்.

அதனால் என் கட்சி இதுதான்: கன்சோலுக்கு ஏற்ற செட்டிங் நகலுக்கு மட்டும். மூலத்தைத் தொடாதே.

இப்போது பிஎஸ்3. முதல் கேள்வி, என்கோட் பண்ணத்தான் வேண்டுமா? டிவிடியில் இருக்கும் எம்பெக்-2-வை அது அப்படியே ஓட்டும். எம்கேவியை அது தொடாது. ஆனால் உள்ளே இருப்பது எச்.264 என்றால் பெரும்பாலும் எம்பி4 உறைக்கு மாற்றினாலே போதும். ஒரு புள்ளி கூடக் கெடாது, சில நிமிட வேலை. இதற்குப் போய் ராத்திரி முழுக்க ஃபேன் அலற என்கோட் செய்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பென்டிரைவ் ஃபேட்32-ல் இருக்கணும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. பாதி பேருக்கு உண்மையான பிரச்சினை இதுதான், செட்டிங் இல்லை!

பண்ணியே ஆகணும் என்றால் எச்.264, லெவல் 4.1-க்குள். 1080-ல் ரெஃபரன்ஸ் ஃப்ரேம் 4-க்கு மேல் வேண்டாம். பிட்ரேட்டைக் கணக்குப் போட்டு மண்டையை உடைக்காமல், தர எண்ணை 18-க்குப் பக்கத்தில் வையுங்கள். எண் குறைந்தால் தரம் கூடும். ஆனால் கல்யாண வீடியோவில் எல்லோரும் கோட்டைவிடுவது இன்டர்லேஸில். நம் ஊர் பால் முறையில் நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றிலும் இரண்டு அரைப்படம்: ஒற்றை வரிகள் ஒரு கணத்தில் எடுத்தவை, இரட்டை வரிகள் அடுத்த கணத்தில். அதைப் பிரிக்காமல் சுருக்கினால் ஆரத்தி எடுக்கும் கைகூட இரட்டையாகத் தெரியும். அண்ணன் ஃபைலில் அப்படித்தான் இருக்கிறது. டிஇன்டர்லேஸில் 'பாப்' தேர்ந்தெடுத்து நொடிக்கு 50 படம் என்று வைத்தால் அசைவு முழுசாக வரும். அளவு பெரிதாகும், ஆகட்டுமே.

அத்தை கல்யாண டிவிடி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. பந்தியில் இலை போடச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டு தாத்தா ஒரு பத்து நொடி வருகிறார், முகம் தெளிவாக. நேற்று அதை முழுசாக ஐஎஸ்ஓ எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டேன். என்கோடிங்கை இன்னும் ஆரம்பிக்கவில்லை.