தைத்து ஒட்டிய படகு

வீட்டிலேயே ஸ்டூல் செய்பவர்கள் இருக்கிறார்கள். புத்தக அலமாரி செய்பவர்களும் உண்டு. ஆனால், பாய் விரித்துக் காற்றில் ஓடும் ஒரு படகைச் செய்ய முடியுமா? அதுவும், தச்சு வேலையே பழகாத ஒருவரால்?

முடியும் என்று 1963-ல் இங்கிலாந்தில் ஒரு சின்னப் படகு நிரூபித்தது. அதன் பெயர் மிரர் டிங்கி. டிங்கி என்றால் இரண்டு, மூன்று பேர் உட்காரக்கூடிய சிறு படகு. ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவோடு வந்ததால் அந்தப் பெயர். பத்திரிகையின் அடையாளமான சிவப்பு நிறத்திலேயே அதன் பாய்களும் இருந்தன.

அதுவரை அங்கே பாய்மரப் படகு என்பது பெரும்பாலும் வசதியானவர்களின் பொழுதுபோக்கு. காரணம், மரப்படகு கட்டுவது லேசான வேலை இல்லை. எலும்புக்கூடு மாதிரி சட்டங்களை நிறுத்தி, பலகைகளை வளைத்து, இடைவெளி இல்லாமல் பொருத்த வேண்டும். அதற்குப் பல வருடம் பழகிய கை தேவை. அந்தக் கைக்குக் கூலியும் தேவை.

இந்தக் கணக்கை மாற்றியவர்கள் இருவர். ஒருவர் பாரி பக்னெல். பிபிசி தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்து காட்டிப் பிரபலமானவர். இன்னொருவர் ஜாக் ஹோல்ட், தேர்ந்த படகு வடிவமைப்பாளர். இந்தப் படகுக்கு அவர்கள் பயன்படுத்திய வழி, தையல்!

ஆமாம், தையல்தான். அளவாக வெட்டிய பிளைவுட் பலகைகள் பெட்டியில் வரும். ஓரங்களில் சின்னச் சின்னத் துளை போட்டு, செப்புக் கம்பியைக் கோத்து முறுக்க வேண்டும். முறுக்க முறுக்க, தட்டையாகக் கிடந்த பலகைகள் தாமாகவே வளைந்து படகாக எழும். பிறகு இணைப்புகளின் மேல் ஃபைபர் கிளாஸ் நாடாவை வைத்து ரெசின் பூசி ஒட்டுவார்கள். அது இறுகியதும் வெளியே நீட்டியிருக்கும் கம்பியை நறுக்கிவிடலாம். ரவிக்கைக்கு முதலில் கையால் நூலோட்டி, மெஷின் தையல் போட்டதும் அந்த நூலை உருவிவிடுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதை.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது தெரியுமா? வளைவு எங்கே வர வேண்டும் என்ற கணக்கு, பலகையை வெட்டும்போதே முடிந்துவிடுகிறது. கட்டுபவருக்குத் தேவை பொறுமையும் சுத்தமான கையும்தான்.

படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். எடை சுமார் 45 கிலோ. கார் கூரையில் கட்டிக்கொண்டு போய்விடலாம். பாய்மரத்தைக்கூடப் பிரித்துப் படகுக்குள்ளேயே அடுக்கிவிடலாம். ஆரம்ப விலை 63 பவுன்ட் 11 ஷில்லிங். அன்றைய தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். இதுவரை 70,000-க்கும் மேல் உருவாகியிருக்கின்றன.

கட்டியவர்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு அலங்கரித்தார்கள். பிடித்த வண்ணம், பிடித்த பெயர், உள்ளே பளபளக்கும் வார்னிஷ். ஆனால், கைவைக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. படகின் ஓரங்களிலும் முன்பக்கத்திலும் காற்று அடைத்த அறைகள் இருக்கும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது இவைதான். சாமான் வைக்க இடம் வேண்டும் என்று அதில் ஓட்டை போட்டால், காப்பாற்ற வேண்டியதே கைவிட்டுவிடும். ரெசினும் அப்படித்தான். கலக்கும் விகிதம் தப்பினால் சரியாக இறுகாது. பிளைவுட்டின் வெட்டிய ஓரத்தை மூடாமல் விட்டால் தண்ணீர் உள்ளே ஏறி, மரம் உளுத்துவிடும். அந்தப் படகில் ஏறப்போவது நம் பிள்ளைகள் என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஓரத்துக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும்.

இவ்வளவு சின்னப் படகு எவ்வளவு தூரம் போகும்? ஏ. ஜே. மெக்கின்னன் என்ற ஆசிரியர், ஒரு பழைய மிரர் டிங்கியில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரிலிருந்து கிளம்பினார். ஆறு, கால்வாய், ஆங்கிலக் கால்வாய்க் கடல் என்று கடந்து, கடைசியில் கருங்கடலையே எட்டிவிட்டார். அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார்.

நம்மில் எல்லோராலும் படகு கட்ட முடியாது. ஆனால், இந்த வித்தையை ஒரு மாலை நேரத்தில் வீட்டிலேயே பார்த்துவிடலாம். மெல்லிய அட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு, நடுவில் அகன்று இரு முனையிலும் கூரான ஒரு துண்டு வெட்டுங்கள். அதைவிடக் கொஞ்சம் நீளமாக இரண்டு பட்டைகளும் வெட்டுங்கள். ஓரங்களில் ஊசியால் துளையிட்டு, பட்டைகளை வளைவின் மேலேயே வைத்து நூலால் தைக்கச் சொல்லுங்கள், வீட்டுக் குட்டிகளை. கடைசி முடிச்சில் மூன்று தட்டை அட்டைகள் படகாக நிமிரும். தையலின் மேல் மெழுகு உருக்கி ஊற்றும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்த ஓரத்தில் ஒழுகுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.