காது கேட்காத காவல்காரன்!

புதுவையில் சொந்தமாய் ஒரு மாடி எழும்பினால் போதும், வாசலுக்குப் பெரிய நாய் தேடுகிறார்கள். ஆல்ப்ஸ் பனிமலையில் வளர்ந்த செயின்ட் பெர்னார்டை வாங்கி வந்து கடற்கரைப் புழுக்கத்தில் கட்டிப் போடுகிறவர்களும் உண்டு. பாவம், அது நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறது. திருடனை எங்கே பிடிப்பது?

நம்ம ஊர் வெயிலுக்கென்றே ஒரு ஜாதி நாய் இருக்கிறது. ராஜபாளையம்! இரண்டடிக்கு மேல் உயரம், குட்டை முடி. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன வம்சம். ஒரே குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெளியாள் பிஸ்கட் நீட்டினாலும் லேசில் மசியாது. 2005-ல் இதற்குத் தபால் தலையே வெளியிட்டார்கள்.

அதற்கு வந்த வினைதான் வெள்ளை மோகம். பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும் இருந்தால்தான் 'ஒரிஜினல்' என்று விலை பேசுகிறார்கள். அதற்காக வெள்ளையோடு வெள்ளையை, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்க்கிறார்கள். விளைவு? காது கேட்காத குட்டிகள்! அந்த வெள்ளையோடு ஒட்டி வருகிற பிறவிக் குறை இது. காலடிச் சத்தம் கேட்காத நாய் என்னத்தைக் காவல் காக்கும்?

வாங்குகிறவர் நிறத்தைப் பார்க்கிறார், காதைப் பார்ப்பதில்லை. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதற்குக் காசா, பணமா? தாய் நாயைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். காட்ட மாட்டேன் என்கிற வியாபாரியிடம் அப்புறம் என்ன பேச்சு?

இன்னொன்று, இது ஓடிப் பழகிய நாய். மொட்டை மாடியில் நாளெல்லாம் சங்கிலியில் கிடந்தால், அவிழ்த்துவிட்ட அன்றைக்குப் பால்காரரைத்தான் கடிக்கும். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக நேரமில்லாதவர்கள் பெரிய மார்க்கெட் பக்கம் போய் நல்ல பூட்டாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.