ஒரகடம் ஷிஃப்ட் பஸ்ஸில் போகும் பெண்ணுக்கு 30 வயதில் என்ன வேலை?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'விவசாயம் போச்சு, ஃபேக்டரி வந்துச்சு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், இப்போது ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான். ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் இன்றைக்கு சிப்காட் போர்டு நிற்கிறது. உண்மைதான். ஆனால், ஒருவரின் தொழில் மாறிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? அந்த வேலையிலேயே இருந்து, கல்யாணம் செய்து, பிள்ளையைப் படிக்க வைத்து, ஓய்வு பெற முடியும் என்றால்தானே?

அந்தக் கணக்கில் இங்கே வரும் பெண்களில் பலருக்குத் தொழில் மாறவில்லை. படிப்புக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு இடைவேளை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செல்போன் ஆலைகளில் அசெம்பிளி லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வேலூர், திருவண்ணாமலை, டெல்டா மாவட்டங்கள் என்று தூரத்து ஊர்களில் இருந்து வருகிறார்கள். பலர் ஏஜென்சி மூலமாகச் சேர்ந்தவர்கள். ஹாஸ்டல், கம்பெனி பஸ், ஷிஃப்ட், மறுபடி ஹாஸ்டல். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபோது, அந்தப் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவர்கள் எப்படித் தங்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நாம் பலரும் முதல்முறையாகக் கேட்டோம்.

அதை விடப் பெரிய விஷயம் 2024 ஜூனில் வெளியானது. கல்யாணமான பெண்களை ஐபோன் அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி சொன்னது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு என்று காரணங்கள். தாலியும் மெட்டியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்றும் ஒரு காரணம். (கழற்றி வைக்க ஒரு லாக்கர் கொடுத்தால் தீர்கிற பிரச்னைக்கு வேலையையே மறுப்பார்களா என்ன!) 2022-ல் சில குறைகள் இருந்தன, சரிசெய்துவிட்டோம், பாகுபாடு காட்டுவதில்லை என்றது நிறுவனம். மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே வருடம் நவம்பரில், ஆள் சேர்ப்பு விளம்பரங்களில் வயது, திருமண நிலை போன்றவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று ஏஜென்ட்டுகளுக்கு ஃபாக்ஸ்கான் சொன்னதாகவும் செய்தி வந்தது. விளம்பரத்தில் இருந்து எடுப்பது சுலபம். லைனில் மாறியதா என்பதுதான் கேள்வி.

இங்கே அமெரிக்காவின் ஆமிஷ் மக்களைக் கொஞ்சம் பார்ப்போம். குதிரை வண்டியில் போகிற, வீட்டுக்குப் பொது மின் இணைப்பு வாங்காத கிறிஸ்தவ சமூகம். விவசாயம்தான் அவர்கள் அடையாளம். நிலத்தின் விலை ஏறியது, குடும்பங்கள் பெருகின, எல்லோருக்கும் நிலம் போதவில்லை. வடக்கு இண்டியானாவில் நிறைய ஆமிஷ் ஆண்கள் இன்று கேரவன் வண்டி தயாரிக்கும் ஃபேக்டரிகளில் வேலை பார்க்கிறார்கள். வேலை இடத்தில் மின்சாரக் கருவி ஓகே, வீட்டில் கூடாது என்று எல்லை போடுவது அவர்களுடைய சபைதான். அங்கேயும் பெண்கள் பிள்ளை பிறந்ததும் வெளிவேலையை விடுவது வழக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் அந்த வாழ்க்கையை நான் சிலாகிக்கவில்லை. ஆனால், எதை ஏற்பது, எங்கே நிறுத்துவது என்று அவர்கள் கூடிப் பேசுகிறார்கள். நம் பெண் தனியாக பஸ் ஏறி வருகிறாள். அவளுடைய எல்லைகளை ஏஜென்ட்டும் வார்டனும் போடுகிறார்கள்.

கூடிப் பேச முடிந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் இதே ஏரியாவில் பார்த்தோம். 2024-ல் சாம்சங்கின் நிரந்தரத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. நாலு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவோம் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சங்கம் கட்டுவது ரொம்பக் கஷ்டம்.

'வீட்டிலேயே கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கிறாங்க, கம்பெனி என்ன பண்ணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீடு கூப்பிடுவது நிஜம். ஆனால், கல்யாணத்துக்குப் பிறகு திரும்பி வர ஒரு வழி இருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்பதை நாம் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. 2014-ல் நோக்கியா மூடியபோதும், வருஷக்கணக்கில் கை பழகிய பெண்களை அப்படியே அனுப்பி வைத்தோம்.

வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில், 18,720 பேர் தங்கும் ஹாஸ்டலை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. முன்பிருந்த நெரிசலோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். ஆனால் அது படுக்கைக் கணக்கு. புருஷன், குழந்தையோடு வாடகைக்குத் தங்க இரண்டு ரூம் வீடு, ஷிஃப்ட் நேரத்துக்குத் திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம், இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. காப்பகம் ஒன்றும் புது ஐடியா இல்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அது கட்டாயம் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது.

நிலமும் சலுகையும் கொடுப்பது அரசு. கொடுக்கும்போது எத்தனை வேலைவாய்ப்பு என்று கேட்கிறது. 30 வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர், பிரசவ விடுப்பு முடிந்து எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற இரண்டு எண்களையும் வருடா வருடம் வாங்கி, இணையதளத்தில் போடச் சொல்லுங்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒப்பந்தத்தில் ஒரு பத்தி போதும்.