தராசு யார் கையில்?

காற்றை எடை போட முடியுமாங்க? முடியும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் கோபுரம் நிறுத்தி மீத்தேனை அளந்திருக்கிறார்கள். லேசர் கதிரை மீத்தேன் எவ்வளவு விழுங்குது, காற்று மேலே போகுதா, கீழே வருதா - ரெண்டையும் நொடிக்குப் பத்து முறை பதிந்தால் கணக்கு வந்துவிடும்.

காமர்ஸ் மாணவன் எனக்கு இதில் என்ன வேலை? இருக்கு. நெல் வயலை அவ்வப்போது காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும். குறைந்ததை கார்பன் கிரெடிட்டாக விற்கலாம். ஆனா எவ்வளவு குறைந்தது என்பது பெரும்பாலும் சூத்திரக் கணக்குதான். சான்று தரும் வெர்ரா அமைப்பே 2024-ல் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது.

வயலுக்கு ஒரு லேசர் கட்டுப்படியாகாது. வட்டாரத்துக்கு ஒரு கோபுரமாவது அரசு வைக்கலாமே? தராசு வாங்குபவன் கையில் மட்டும் இருந்தால் என்னாகும்? மாங்காய் விற்ற எங்க கல்லாவிக்காரங்களைக் கேளுங்க!