காற்புள்ளிக்கு ஏன் இத்தனை காவல்?

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1931இல் எழுதிய ஒரு கட்டுரை இரண்டே பக்கம். வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று சொன்ன கட்டுரை அது. 1983இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசின் வேர் அதில் இருக்கிறது. வெளிவந்தது ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னலில், 74ஆம் தொகுதி, 81, 82ஆம் பக்கங்கள். இதை ஓர் ஆய்வுக் கட்டுரையின் ரெஃபரன்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும். குறிப்பு எழுதும் முறை இதழுக்கு இதழ் மாறும். ஏபிஏ முறை என்றால் ‘சந்திரசேகர், எஸ். (1931).’ என்று தொடங்கி, இதழின் பெயரைச் சாய்வெழுத்தில் போட வேண்டும். வான்கூவர் முறை என்றால் காற்புள்ளியும் புள்ளியும் போய் ‘சந்திரசேகர் எஸ்’ ஆகிவிடும். ஆண்டு இதழின் பெயருக்குப் பின்னால் போகும். 81-82 என்பது 81-2 என்று சுருங்கும். ஐஈஈஈ முறையில் இனிஷியல் முன்னால் வந்து ‘எஸ். சந்திரசேகர்’; அதற்கும் முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரிசை எண். மூன்றும் போய்ச் சேர்வது அதே இரண்டு பக்கங்களுக்குத்தான்.

உடுமலைப்பேட்டையில் பட்டம் முடித்துவிட்டு, திருப்பூர்ச் சாயக்கழிவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நொய்யல் ஆற்றைப் பற்றியும் ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றியும் வந்த ஆய்வுகள், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை, தமிழ் நாளிதழ்ச் செய்தி எல்லாம் அவருக்கு வேண்டும். ஜர்னல் கட்டுரையை எப்படிக் குறிப்பது என்று வழிகாட்டி நூல்கள் விலாவாரியாகச் சொல்லும். மாவட்டப் பதிப்பில் வந்த தமிழ்ச் செய்தியை எப்படிக் குறிப்பது என்று கேட்டால், ரோமன் எழுத்துக்கு மாற்று, மேலே கோடு போடு, கீழே புள்ளி வை என்று இழுத்தடிக்கும். எல்லாம் முடித்து அனுப்பினால் ஜர்னல் நிராகரிக்கிறது. அது சகஜம், முதல் ஜர்னலிலேயே கட்டுரை ஏறுவது அபூர்வம். அடுத்த ஜர்னலுக்கு வேறு முறை. அறுபது ரெஃபரன்ஸையும் மறுபடி பிரித்துக் கோக்க வேண்டும். கையில் நேரம் இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ‘அலைன்மென்ட்’ செய்துகொள்கிறார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பையருக்குப் பையர் லேபிள் மாறும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஆர்டர் உறுதியான பிறகுதான் லேபிள் தைப்பார்கள். ஜர்னல் உலகத்தில் லேபிளைத் தைத்துக்கொண்டு போய் ஆர்டருக்கு நிற்க வேண்டியிருக்கிறது. ஆர்டர் இல்லையென்றால் பிரித்துவிட்டு அடுத்த பையரின் லேபிள்.

இந்த வேலைக்கு ஆகும் செலவைக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, 2019இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்டார்கள். 41 நாடுகளிலிருந்து 372 பேரிடம் கேட்டதில், கட்டுரையை வடிவமைக்க மட்டும் சராசரியாக 14 மணி நேரம் போகிறது என்று தெரிந்தது. பணமாக்கினால் ஒரு கட்டுரைக்கு 477 டாலர். இதில் ரெஃபரன்ஸோடு அட்டவணை, படம், பக்க அமைப்பு எல்லாம் அடக்கம். இந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறையில் நீக்கிவிட்டது உண்மைதான். ஆனால் வேலைக்கான நேர்காணலில் எத்தனை கட்டுரை என்று எண்ணும் பழக்கம் நீங்கவில்லை.

ஒழுங்கே வேண்டாம் என்பது வாதம் அல்ல. ஓர் இதழுக்குள் எல்லாக் குறிப்பும் ஒரே மாதிரி இருந்தால் படிப்பவருக்கு நல்லது. கேள்வி, அந்த ஒழுங்கை யார், எப்போது செய்வது என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், வான்கூவர் முறை பிறந்ததே இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். ஒரே கட்டுரையை ஜர்னலுக்கு ஜர்னல் திருப்பித் திருப்பி டைப் அடிக்கும் கொடுமையை ஒழிக்க, மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பொது விதி வகுத்தார்கள். அது இன்று ஆயிரக்கணக்கான முறைகளில் இன்னும் ஒன்று.

ரெஃபரன்ஸ் எதற்கு என்பதைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையோடு பட்ட பாடு தெரிந்ததே. உரையாசிரியர் பழம்பாடல் அடிகளை எடுத்துக் காட்டுவார். பல இடங்களில் நூலின் பெயர் இராது. அந்த அடி எந்த ஏட்டில் இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேட வேண்டியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வந்தபோது, சொல்லின் பொருளுக்குப் பக்கத்திலேயே நூற்சுருக்கமும் பாட்டு எண்ணும் சேர்ந்து வந்தன. ‘குறள், 34’ என்பது போல அத்தனை சிக்கனம். சாய்வெழுத்துச் சண்டை இல்லாமலே வாசகர் நேராகப் போய்ச் சேர்ந்தார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாகவே 1931இல் எழுதிவைத்த எஸ்.ஆர். ரங்கநாதனும் சீர்காழிக்காரர்தான்.

வடிவத்தை மட்டும் காவல் காத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒரு பாடம் தந்தது. விமான நிறுவனம் ஒன்றின்மீது போட்ட வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளைத் தாக்கல் செய்தார்கள். கட்சிக்காரர் பெயர், தொகுதி எண், ஆண்டு எல்லாம் முறைப்படி இருந்தன. அப்படி வழக்குகளே நடக்கவில்லை. அபராதம் 5,000 டாலர். ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே கதை நடக்கிறது. இல்லாத கட்டுரைக்குக்கூட மென்பொருள் பிசிறில்லாத ஏபிஏ குறிப்பு எழுதித் தந்துவிடும். காற்புள்ளியை எண்ணுகிற ஆசிரியர் குழு அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான். படிவம் ‘கடைசிப் பெயர்’ கேட்டால் அப்பாவின் பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் ரைபோசோம் ஆய்வுகள் ‘ராமகிருஷ்ணன் வி’ என்றே குறிக்கப்படுகின்றன. ராமகிருஷ்ணன் என்பது அவருடைய தந்தையின் பெயர்.  சந்திரசேகர் விஷயத்தில் நேர்மாறு: சுப்பிரமணியன் அப்பா பெயர், பட்டியலில் நிற்பது சொந்தப் பெயர். ஒரே மண்ணின் இரு நோபல் பெயர்களே இப்படி ஆளுக்கொரு பக்கம் நின்றால், இனிஷியலைச் சிலசமயம் விரித்தும் சிலசமயம் சுருக்கியும் எழுதுகிற இளம் ஆய்வாளரின் கட்டுரைகள் இரண்டு மூன்று ஆட்களுடையவையாகச் சிதறுவதில் வியப்பில்லை. 2012இல் தொடங்கிய ஓர்சிட் எண் இதற்குத்தான்: பெயர் எப்படி மாறினாலும் எண் ஆளை விடாது.

வழி இல்லாமல் இல்லை. எல்செவியர் போன்ற பெரிய பதிப்பகங்களின் பல இதழ்கள், முதலில் அனுப்பும்போது எந்த முறையில் இருந்தாலும் சரி, சீராக இருந்தால் போதும் என்று சொல்லிப் பத்தாண்டுக்கு மேலாகிறது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே வடிவம். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஆய்விதழ்களும் இதையே செய்யலாம். மிச்சமாகும் நேரத்தில், குறித்த கட்டுரை உண்மையில் இருக்கிறதா, சொன்னதைத்தான் சொல்கிறதா என்று நாலு ரெஃபரன்ஸையாவது திறந்து பார்க்கட்டும். கல்லூரி நூலகங்கள் முதலாண்டு ஸ்காலர்களுக்கு, ரெஃபரன்ஸைத் திரட்டி வடிவமைக்கும் ஸோட்டெரோ மென்பொருளை அரை நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முறைகள் அதற்குள் இருக்கின்றன. ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது சில சொடுக்குகளில் முடியும். தமிழ் விவரங்களை மட்டும் ஒருதடவை கையால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஸோட்டெரோவுக்கும் கட்டணம் இல்லை, ஓர்சிட் எண்ணுக்கும் கட்டணம் இல்லை.